சுந்தரி கொடுத்த லைன் கிளியர்

காற்று வீசினால் சுந்தரிக்கு இருப்புக் கொள்ளாது. தெருமுனையில் ஒரு பிளாஸ்டிக் கவர் எழும்பிப் பறந்தால் போதும், தைத்துக்கொண்டிருக்கும் ஜாக்கெட்டை மெஷினிலேயே விட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவாள். வானத்தைப் பார்ப்பாள். மரத்தைப் பார்ப்பாள். மரத்துக்கு நடுவே நுழைந்து போகும் கரண்ட் கம்பியைப் பார்ப்பாள். உள்ளே போய் இரண்டு தையல் போடுவாள். மறுபடியும் வாசல். பயந்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்காருவதுதான் உலக வழக்கம். இவளுடைய பயத்துக்குக் கால் முளைத்திருந்தது.

"வந்துச்சுடா வெதர் ஆபீசு" என்று மாரிகுப்பத்தின் அந்தத் தெருவில் கிண்டல் பண்ணுவார்கள். பண்ணினால் பண்ணிக்கொள்ளட்டும். அவள் காதில் விழுந்தால்தானே.

இந்த ஓட்டம் கே.ஜி.எஃப். என்கிற கோலார் தங்கவயல் மண்ணில் வளர்ந்தவர்களுக்கு உடம்போடு வந்தது. சுரங்கம் ஓடிய காலத்தில் பூமிக்கடியில் பாறை வெடித்தால் மேலே வீடே ஆடும். ராக் பர்ஸ்ட் என்பார்கள். அலமாரியில் பாத்திரம் கலகலத்த நொடியில் கையில் இருந்ததைப் போட்டது போட்டபடி வெளியே ஓடிவந்து நிற்க வேண்டும். கூரை தலையில் விழக்கூடாது பாருங்கள். சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு 'டமார்' என்று எது கேட்டாலும் இன்றைக்கும் கால்தான் முதலில் எழுந்துகொள்கிறது. மற்ற ஊர்களில் புயல் காற்று அடித்தால் ஜனங்கள் வீட்டுக்குள் ஓடுவார்கள். எங்கள் ஊரில் வெளியே ஓடிப்போய் மரத்தடியில் நிற்பார்கள். இதைவிடப் பெரிய கிறுக்குத்தனம் வேறு எந்த ஊரிலாவது உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

சுந்தரியின் கணவர் ராஜமாணிக்கம் சுரங்கம் மூடும்வரை அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்தவர். வேலை போனது, கல்தூசி மட்டும் நெஞ்சிலேயே தங்கிவிட்டது. இப்போது அவருக்கு மூக்கில் ட்யூப். சூட்கேஸ் அளவுக்கு ஒரு மெஷின் கட்டிலுக்குப் பக்கத்தில் உறுமிக்கொண்டே இருக்கும். வெளிக்காற்றை இழுத்து ஆக்சிஜனாக்கிக் கொடுக்கும். அதற்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் மெஷின் 'கீ கீ' என்று கத்தும். இன்வெர்ட்டர் பாட்டரி கிழடு, மெஷினைத் தாங்காது. மூலையில் ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் நிற்கிறது. சுந்தரி அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, யாரையும் தொடவிடாமல் காவல் காத்தாள். தீர்ந்தால் கோலாருக்குக் கொண்டுபோய்த்தான் நிரப்ப வேண்டும். சாயங்காலம் தீர்ந்தால் மறுநாள்தான் கைக்கு வரும். ஆக, கரண்ட் போனால் அவருக்குச் சிலிண்டர்தான் கதி. சிலிண்டரும் போனால் கதியே இல்லை.

அந்தக் கரண்ட் வருகிற கம்பிக்குக் குறுக்கேதான் மே ஃப்ளவர் மரம் நின்றது. சுரங்கம் மூடின வருஷம் யாரோ வந்து தெரு நெடுக நட்டுவிட்டுப் போன கன்றுகளில் தப்பிப் பிழைத்தது இது ஒன்றுதான். நட்டவர்கள் கீழே குழியைப் பார்த்தார்களே தவிர, மேலே கம்பியைப் பார்க்கவில்லை. அது பாட்டுக்கு வளர்ந்து, கம்பியை விழுங்கி, சுந்தரி வீட்டுக் கூரைக்கு மேலும் கை நீட்டியது. சித்திரை பிறந்தால் தெருவே சிவந்துபோகும் அளவுக்குப் பூக்கும். பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய்வரும் பெண்கள் அதன் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். சுந்தரி மட்டும் அந்தப் பூவை ஒரு நாளும் ரசித்ததில்லை. பூக்கிற மாதமும் காற்றடிக்கிற மாதமும் ஒன்றாக இருந்தால் எங்கே ரசிப்பது?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்ததுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். சித்திரைக் கடைசியில் ஒரு சாயங்காலம் திடீரென்று வானம் கறுத்து, மண்ணை வாரி இறைத்துக்கொண்டு காற்றும் பின்னாலேயே மழையும் வந்தன. 'மடார்' என்று ஒரு சத்தம். சுந்தரியின் கால் அவளைக் கேட்காமலே வெளியே ஓடியது. செருப்புக்கூட இல்லை. வாசல்படி இறங்கி, தெருத் தண்ணீரில் கால் வைக்கப் போன சமயத்தில் எதிர்வீட்டு ராஜேந்திரன் தொண்டை கிழியக் கத்தினார்.

"தங்கச்சி, நில்லு! தண்ணில கம்பி கீது! நில்லு!"

தூக்கின கால் தூக்கினபடி நின்றாள். கிளை ஒன்று ஒடிந்து கம்பிமேல் சாய்ந்து, கம்பி அறுந்து தண்ணீரில் கிடந்தது. உள்ளே மெஷின் கத்த ஆரம்பித்திருந்தது.

அன்றைக்குப் போன கரண்ட் மறுநாள் மத்தியானம்தான் வந்தது. அதுவரை சிலிண்டர் மீட்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டே விசிறியால் வீசிக்கொண்டிருந்தாள். விசிறி வீசி என்ன ஆகப்போகிறது? ஆனால் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. முள் சிவப்புக்குள் இறங்கிய நேரத்தில் டியூப்லைட் விட்டுவிட்டு எரிந்தது. அவள் மெஷினின் தலையைத் தடவிக் கொடுத்து, ஓவென்று அழுதாள். இனி ஒரு தடவை இந்த மரத்தால் கரண்ட் போக விடமாட்டேன் என்று அன்றைக்கு முடிவு பண்ணினாள்.

அதற்கப்புறம் மின்சார ஆபீசில் இருந்தவர்கள் பாடு திண்டாட்டமானது. கதவு திறக்கும்போது சுந்தரி அங்கே நிற்பாள். சாப்பாட்டு நேரத்தில் நிற்பாள். தொல்லை தாங்காமல் ஒருநாள் ஏணியும் நீளக் கொக்கியும் வாளுமாக ஆட்களை அனுப்பிவைத்தார்கள். மரம் ஏறுகிறவர் எட்மண்ட். சாம்பியன் சுரங்கப் பக்கத்து ஆள், காண்ட்ராக்ட் வேலை. அவர் மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அக்கா, இது கம்பிக்கு நடுவுல கீது. லைன் கிளியர் வாங்கித்தான் ஏறணும். மூணு நாலு மணி நேரம் கரண்ட் இருக்காது."

கம்பியில் கரண்டை நிறுத்திவிட்டோம், தைரியமாக ஏறலாம் என்று ஆபீஸ் கொடுக்கிற அனுமதிக்குத்தான் லைன் கிளியர் என்று பெயர். சுந்தரிக்கு அது வேறு மாதிரி கேட்டது.

"கரண்ட நிறுத்தறதா? நல்லா இருக்குப்பா நியாயம்! கரண்ட் போவக்கூடாதுன்னுதான உங்கள கூப்ட்டேன்? உள்ள வந்து பாரு, அவரு எப்டி கீறாருன்னு."

எட்மண்ட் ஜன்னல் வழியாகப் பார்த்தார். மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. ராஜமாணிக்கம் கையைத் தூக்கி வணக்கம் வைத்தார். எட்மண்ட் தலையைச் சொறிந்தார். பிறகு, கம்பிப் பக்கம் போகாமல், கீழே நின்றபடி கொக்கிக்கு எட்டின கிளைகளை மட்டும் வெட்டிப் போட்டுவிட்டுப் போனார். தரையில் குவிந்த தழையைப் பார்க்கச் சுந்தரிக்கு மனசு நிறைந்தது. எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். ஐப்பசி மழைக்கு முன் ஒரு தடவை, மறு வருஷம் ஒரு தடவை என்று இதே கதை நடந்தது. ஒவ்வொரு தடவையும் லைன் கிளியர் என்ற பேச்சை எட்மண்ட் எடுப்பார். ஒவ்வொரு தடவையும் சுந்தரி ஏணிக்குக் குறுக்கே நிற்பாள். எட்டினது மட்டும் தரைக்கு வரும்.

வெட்டினவர்கள் அவர்கள் மட்டுமா? தெருவுக்கு அம்மன் கோயில் ஒன்று உண்டு, ராஜேந்திரன்தான் கமிட்டித் தலைவர். பஜாரில் பாத்திரக் கடை, வாயில் எப்போதும் வெற்றிலை. சித்திரைத் திருவிழாவில் பூப்பல்லக்கு இந்த மரத்தடியில்தான் நின்று தீபாராதனை வாங்கும். வருஷத்துக்கு வருஷம் பல்லக்கின் உயரம் ஏறிக்கொண்டே போனது. பக்கத்துத் தெருப் பல்லக்கைவிட ஒரு முழமாவது உசரம் இல்லையென்றால் ராஜேந்திரனுக்குத் தூக்கம் வராது. ஆகவே பல்லக்குக்கு இடிக்கும் கிளையெல்லாம் பையன்கள் கையால் போனது. கூரைத் தகரத்தை உரசுகிற கிளைகளைச் சுந்தரியே ஆள் வைத்து எடுத்தாள். அவரவருக்கு இடித்ததை அவரவர் வெட்டினார்கள். மரத்தை முழுசாக யாரும் பார்க்கவில்லை.

பார்த்தவள் சுமா. இந்த வருஷம் பங்குனியில் அந்தப் பகுதி மின்சார ஆபீசுக்கு மாற்றலாகி வந்த இன்ஜினியர். சொந்த ஊர் பூதிகோட்டை, பேசுவது பாதி கன்னடமும் பாதி தமிழும். புது ஆள் வந்திருக்கிறது என்று தெரிந்த அன்றே சுந்தரி போய் நின்றுவிட்டாள். மறுநாள் சுமா ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். எல்லாரும் கம்பியைத்தான் பார்ப்பார்கள், இந்தப் பெண் மரத்தைச் சுற்றிச்சுற்றி வந்தாள். ராஜேந்திரன் வீட்டுப் பக்கம் போய் நின்று பார்த்தாள். குனிந்து வேரைப் பார்த்தாள். எட்மண்டும் கூட இருந்தார்.

"யாரும்மா இந்த மரத்துக்கு முடி வெட்டினது?" என்று கேட்டாள்.

கேட்டவுடன் ஆளாளுக்குப் பெருமை. பல்லக்குக்காக நாங்க என்றார் ராஜேந்திரன். கம்பிக்காக நான்தான் கூட்டிவந்தேன் என்றாள் சுந்தரி.

"நோடி, இங்க பாருங்க, கீழயும் நடுவுலயும் இருந்ததெல்லாம் எடுத்துட்டீங்க. எடை பூரா நுனியில இருக்கு. துடப்பத்த தலைகீழா நிறுத்தின மாதிரி. காத்து அடிச்சா அந்த நுனியதான் புடிச்சு ஆட்டும். ரோட் சைடு கிளை இல்ல. கம்பி சைடு கிளை இல்ல. அப்ப மிச்சம் எங்க இருக்கு, நீங்களே சொல்லுங்க."

எல்லாரும் அண்ணாந்தார்கள். மிச்சம் முழுக்கச் சுந்தரியின் வீட்டு மேலே இருந்தது. பெரிய கை ஒன்று, தொடை பருமன், கூரையைத் தாண்டி நீண்டு, கொத்துக்கொத்தாக மொட்டு விட்டுக்கொண்டு. அதற்கு நேர் கீழே தகரம். தகரத்துக்கு நேர் கீழே ராஜமாணிக்கத்தின் கட்டில்.

"ரோட் சைடுல தண்ணி பைப்புக்குக் குழி தோண்டினப்ப வேரையும் வெட்டியிருக்காங்க. அந்த வேருதான் மரத்த இந்தப் பக்கம் சாயாம புடிச்சிருந்தது" என்றாள் சுமா.

"அப்ப மரத்தையே எடுத்துடுங்கம்மா. வேரோட எடுத்துடுங்க" என்றாள் சுந்தரி. ராஜேந்திரன் பதறிப்போய், "இன்னா தங்கச்சி, அம்மன் நிக்கற எடம்" என்று ஆரம்பித்தார். சுமா கையமர்த்தினாள்.

"எடுக்க வேண்டாம். உசரத்தக் குறைச்சு, எல்லாப் பக்கமும் நுனியில கொஞ்சம் கொஞ்சமா எடுத்தா மரமும் நிக்கும், கம்பியும் தப்பிக்கும். வருஷா வருஷம் காத்து மாசத்துக்கு முன்னாடி ஒருக்கா பாத்துக்கணும். ஆனா கம்பிக்குள்ள ஏறி நிதானமா செய்யற வேல. ஒரு பகல் பூரா லைன் கிளியர் வேணும்."

"கரண்ட் போவாம செய்ய முடியாதா?" என்று சுந்தரி கேட்டாள்.

கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எட்மண்ட் சிரிக்கவில்லை. கீழே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அக்கா, நீங்க இத்தத்தான் ரெண்டு வருஷமா சொல்லிக்கினு கீறீங்க. நீங்க விடல, அதனாலதான் நான் எட்டுனத மட்டும் வெட்டிக்கினு போனேன். எனக்கும் தெரியும் அது தப்புன்னு. அண்ணன் மொகத்த பாத்து கரண்ட நிறுத்துன்னு சொல்ல எனக்கு மனசு வரல."

கரண்டைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று இரண்டு வருஷமாக மரத்தைக் கணவர் தலைமேல் சாய்த்து வைத்தது சுந்தரிதான். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் எட்மண்டைப் பார்த்து முறைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்கப்புறம் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கட்டிலை இந்தச் சுவருக்கு இழுப்பாள், அந்தச் சுவருக்கு இழுப்பாள். அந்தக் கிளை வீடு முழுக்க எங்கே போனாலும் மேலே இருப்பது மாதிரியே இருந்தது. நோய் முற்றியதில் இப்போதெல்லாம் ஒரு பகல் கரண்ட் நின்றாலே சிலிண்டர் முக்கால்வாசி போய்விடும். மறுநாளே காற்றடித்தால்? கரண்டை நிறுத்தாவிட்டால் கிளை. நிறுத்தினால் மூச்சு. தையலில் மனசு போகவில்லை. யாருக்கோ இடது கையை வலது தோளில் வைத்துத் தைத்துவிட்டாள்.

"இன்னாமே, குட்டி போட்ட பூனை மாதிரி சுத்திக்கினே கீற?" என்று ராஜமாணிக்கம் கேட்டார். நான்கு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டுதான் அவரால் பேச முடியும். சொல்லாமல் இருந்தவள் அப்போது எல்லாவற்றையும் கொட்டினாள்.

"இவ்ளோதான? நிறுத்திக்கச் சொல்லு" என்றார்.

"ஈசியா சொல்றீங்க! ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

"அத்த வுடு. கிளை வுழுந்தா மட்டும் ஒண்ணும் ஆவாதா?"

அவள் கட்டிலை மறுபடி இந்தச் சுவருக்கு இழுத்தாள்.

வழி சொன்னவர் ராஜேந்திரன். பல்லக்குக்காகக் கிளைகளை மொட்டையடித்த குற்ற உணர்வு அவரையும் அரித்திருக்கும் போலிருக்கிறது. பல்லக்கு விளக்குகளுக்குக் கமிட்டி ஒரு ஜெனரேட்டர் வைத்திருந்தது. "அன்னிக்கு மச்சானை எங்க வூட்டு ஹாலுக்கு இட்டுக்கினு வந்துடலாம். கிளைக்கு அடியில அவரு இருக்க வோணாம். அம்மனுக்கு எரியற ஜெனரேட்டரு மச்சானுக்கும் எரியட்டும்" என்றார். சுந்தரி அன்றைக்கே ஓடிப்போய்ச் சுமாவிடம் சரி என்று சொன்னாள். சொல்லிவிட்டுத் திரும்பும் வழியெல்லாம், ஏன் சொன்னோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள்.

குறித்த நாள் காலையில் ராஜமாணிக்கத்தை நாற்காலியில் வைத்து நான்கு பேர் எதிர்வீட்டுக்குத் தூக்கிவந்தார்கள், மெஷினும் சிலிண்டரும் கூடவே வந்தன. தெருவைக் கடந்து வருகிற அந்தக் கொஞ்ச தூரம் அவர் மூக்கு ட்யூபைத் துண்டால் மறைத்துக்கொண்டார். ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்காரவைத்ததும் துண்டை எடுத்துவிட்டு மரத்தைப் பார்த்தார். "நல்லாத்தான் பூத்துக்கீது" என்றார். வீட்டுக்குள் இருந்த இத்தனை நாளில் அவருக்குக் கூரைச் சத்தம்தான் தெரிந்ததே தவிர, பூ தெரிந்ததில்லை.

டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸைப் பிடுங்கினார்கள். கம்பியில் எர்த் போட்டார்கள். தெருவில் இரண்டு பக்கமும் கயிறு கட்டி ஆள் நிறுத்தினார்கள். எட்மண்ட் ஹெல்மெட்டும் இடுப்பு பெல்ட்டுமாக ஏறினார். ஜெனரேட்டர் பெரிய சத்தத்தோடு உயிர்பெற்றது. மெஷினை அதில் மாட்டினார்கள். ராஜேந்திரன் வெற்றி வீரனைப் போல நின்றார்.

அந்தப் பெருமை கொஞ்ச நேரம்தான். பல்லக்கு விளக்குக்கு வோல்டேஜ் ஏறி இறங்கினால் யாருக்கும் நஷ்டமில்லை. விளக்கு மினுக்கினால் அதுவும் ஒரு அழகுதான். ஆக்சிஜன் மெஷின் அப்படிப் பொறுத்துக்கொள்ளுமா? சிவப்பு லைட் எரிந்து 'கீ கீ' என்று கத்தியது. ராஜேந்திரன் ஜெனரேட்டரை ஒரு தட்டு தட்டினார். ஒரு திருகு திருகினார். மெஷின் இன்னும் பலமாகக் கத்தியது. சுந்தரி இனி பொறுக்க மாட்டாமல் பிளக்கைப் பிடுங்கிப்போட்டு, சிலிண்டரைத் திறந்தாள். அவள் பயந்தது நடந்தேவிட்டது.

அதற்கப்புறம் அவளுடைய காலுக்கு ஓய்வில்லை. முள்ளைப் பார்ப்பாள். ஓடிப்போய்க் கயிற்றடியில் நின்று, "இன்னும் எவ்ளோ கீது எட்மண்டு?" என்று கத்துவாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த ஆள் "உள்ள போங்கம்மா" என்று விரட்டுவான். திரும்ப வந்து முள். திரும்பக் கயிறு. மேலே எட்மண்ட் நிதானமாக, கிளையைக் கயிற்றில் கட்டி, நறுக்கி, குழந்தையை இறக்குவது போல இறக்கிக்கொண்டிருந்தார். அந்த நிதானத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மத்தியானம் வெயில் சாய்கிற நேரத்தில் மேலிருந்து எட்மண்ட் குரல் கொடுத்தார். கூரைமேல் நீண்ட அந்தப் பெரிய கை அடிமரத்தில் சேரும் இடத்தில், முன்பு அவர் வெட்டிப்போட்ட கிளையின் மொட்டைக்கட்டை இருந்தது. அது மழைத்தண்ணீர் குடித்து அழுகி, உள்ளே பொந்தாகியிருந்தது. கையை விட்டுக் காட்டினார், முழங்கை வரை உள்ளே போனது. அவசரப்பட்டால் மொத்தமாகக் கூரைமேல் வந்துவிடும். துண்டு துண்டாகக் கட்டித்தான் இறக்க வேண்டும். பொழுது சாய்ந்துவிடும் என்றார்.

சுமா ஹாலுக்குள் வந்து நின்றாள். அவள் முகமும் வாடியிருந்தது.

"அம்மா, நீங்க சொல்றதுதான். இப்பவே லைன் குடுத்துடறேன், கரண்ட் வந்துடும். அந்தக் கிளைய இப்பிடியே கட்டி வெச்சுட்டு இன்னொரு நாள் பாக்கலாம். ஆனா அதுவரைக்கும் காத்து வரக்கூடாது. இல்ல, முடிச்சுடலாமா?"

சுந்தரி முள்ளைப் பார்த்தாள். பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. வாசலைப் பார்த்தாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்களே, அவளுக்குக் கால் மட்டும் ஓடியது. முள்ளுக்கும் வாசலுக்கும் நடுவே போனாள், வந்தாள், போனாள். எதையாவது கேட்க வேண்டும் போல இருந்தது, யாரைக் கேட்பது என்று தெரியவில்லை.

"ஏமே" என்றார் ராஜமாணிக்கம். "வந்து ஒக்காரு."

"இருங்க, இந்தப் பொண்ணு இன்னா கேக்குதுன்னு..."

"ஒக்காருன்னு சொன்னேன்."

அந்தக் குரலைக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. அவள் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். அவர் கையை நீட்டி, சிலிண்டர் திருகைக் கொஞ்சம் மூடினார். அவள் துள்ளி எழப்போனாள். அவர் அவளுடைய தோளை அழுத்தினார்.

"அண்டர்கிரவுண்டுல காத்து கம்மியாச்சுன்னா நாங்க இன்னா பண்ணுவோம் தெரியுமா? ஆட மாட்டோம். பேச மாட்டோம். கம்முனு ஒக்காந்துக்கினு இருப்போம்." நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார். "ஆடாம இருந்தா கொஞ்சம் காத்தே போதும். எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல. நீ ஓடறதுதான் கஷ்டம். நீ ஓடறத பாத்தா எனக்கு மூச்சு வாங்குது சுந்தரி. ரெண்டு வருஷமா."

சுந்தரிக்குச் சுருக்கென்று தைத்தது. காற்றடிக்கிற நாளிலெல்லாம் அவருக்கு இழுப்பு அதிகமாகும். கண் மூட மாட்டார். நோய்தான் அப்படிப் பண்ணுகிறது என்று அவள் நினைத்திருந்தாள். டாக்டரிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தாள். அவர் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்ததெல்லாம் அவள் வாசலுக்கும் கட்டிலுக்கும் ஓடுவதை. கரண்டுக்குக் காவல் இருக்கிறேன் என்று அவள் அவரைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறாள்.

"முடிச்சுடுங்கம்மா" என்றாள் சுமாவிடம். "முடிச்சுட்டே லைன் குடுங்க."

அதற்கப்புறம் அவள் உட்கார்ந்திருந்தாள். கல்யாணம், பிரசவம், வேலை போன கஷ்டம் எல்லாவற்றையும் ஓடியே சமாளித்தவளுக்கு, இந்த உட்காருதல் மாதிரி ஒரு வேலை அதுவரை வாய்த்ததில்லை. தையல் மெஷினை மிதிப்பது போலக் கால் தானாகத் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். அவள் ஒரு காலின்மேல் இன்னொரு காலைப் போட்டு அடக்கினாள். ரம்பச் சத்தம் கேட்டது. எட்மண்ட் "இறக்கு, இறக்கு, மெதுவா" என்பது கேட்டது. கிளைகள் தரையில் படுகிற சத்தம் சாதுவாக இருந்தது. ராஜமாணிக்கத்தின் மூச்சு மேலும் கீழும் போய்வந்தது. முள்ளைப் பார்க்க வேண்டும் என்று உயிர் போனது. அவள் பார்க்கவில்லை, அவருடைய முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் கரண்ட் வந்தது. முள் சிவப்பைத் தொட்டும் தொடாமலும் நின்றது. மறுநாள் முதல் வேலையாக ராஜேந்திரன் தன் கடை ஆட்டோவில் சிலிண்டரை ஏற்றிக்கொண்டு கோலாருக்குப் போய் நிரப்பிக்கொண்டு வந்தார். மரம் குட்டையாகி, எல்லாப் பக்கமும் சமமாகி, பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் போகும் பிள்ளை போல நின்றது. பூப்பல்லக்கு வந்தது. மரத்தில் கை வைக்க எட்மண்ட் விடவில்லை. இந்த வருஷம் ராஜேந்திரன் முதல் தடவையாகப் பல்லக்கின் உச்சிக்குடையைக் கழற்றினார். பக்கத்துத் தெருக்காரர்கள் சிரித்தார்கள். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

திருவிழா முடிந்து சில நாளில், ஒரு சாயங்காலம் காற்று வந்தது. இரண்டு வருஷத்துக்கு முந்தின அந்தக் காற்றைவிடப் பெரிய காற்று. வானம் இடித்தது, எங்கோ தகரம் பறந்து விழுந்தது. கரண்ட் போய்விட்டது. இவர்கள் தெருவில் ஒன்றும் அறுந்து விழவில்லை. காற்று அடங்கும்வரை ஆபீசிலேயே மொத்த லைனையும் நிறுத்தியிருந்தார்கள். மெஷின் கத்தத் தொடங்கியது. சுந்தரியின் கால் எழுந்துவிட்டது. வாசல்வரை போயும்விட்டது.

அங்கே நின்று திரும்பினாள். ராஜமாணிக்கம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் திரும்பி வந்தாள். மெஷினின் வாயை அடைத்து, சிலிண்டரைத் திறந்து, ட்யூபை மாட்டிவிட்டாள். கட்டிலோரத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தலைக்கு மேல் மரம் சடசடவென்று அடித்துக்கொண்டது. தெருவில் கதவுகள் திறக்கிற சத்தம், ஓடுகிற சத்தம். எதிர்வீட்டு வாசலிலிருந்து ராஜேந்திரன், "தங்கச்சி, வெளிய வா! வெளிய வா!" என்று பழக்கதோஷத்தில் கத்திக்கொண்டிருந்தார்.

"கத்தாதீங்கண்ணே" என்றாள் சுந்தரி, ஜன்னல்வரை மட்டும் கேட்கிற குரலில். "நீங்களும் உள்ள போங்க. அவரு தூங்கறாரு."

சொன்ன பிறகுதான் அவளே குனிந்து பார்த்தாள். உண்மையாகவே தூங்கிக்கொண்டிருந்தார். இவ்வளவு பெரிய காற்றில், வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, நெஞ்சு ஒரே சீராக ஏறி இறங்க. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைக்கக் கையை எடுத்தால் விழித்துவிடுவார் என்று அப்படியே விட்டுவிட்டாள்.

காற்று ஓய்ந்து, கரண்ட் வந்து, மெஷின் மறுபடி உறுமியபோது ராஜமாணிக்கம் கண் விழித்தார். ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"மழ வந்துச்சா?" என்று கேட்டார்.

"வந்துச்சு" என்றாள் சுந்தரி. "போயிடுச்சு. நீங்க தூங்குங்க."